வாஸிபி1 டார்கெட்: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் பாராட்டும் கோபமும்

"ரஸ்ட்டில் எழுதின டூலை வாஸிக்கு மாத்தலாம்னு இருக்கேன். நீங்க ரொம்ப நாளா ஓட்டறீங்களே, எப்படி இருக்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரஸ்ட் ஒரு புரோகிராமிங் மொழி. வாஸி என்பது, பல கணினிகளில் ஓடக்கூடிய வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) புரோகிராம் கோப்புகளைப் படிக்க, எழுத வழி தரும் பொது அமைப்பு. எந்தச் சூழலுக்கு பில்டு எடுக்கிறோம் என்று கம்பைலருக்குச் சொல்லும் பெயர்தான் டார்கெட். நான் ஓட்டுவது வாஸியின் முதல் பதிப்பான வாஸிபி1, சுருக்கமாக பி1. ஆஹா ஓஹோ என்று பாராட்டிவிட்டுக் கடைசியில் "இப்போதைக்கு வேண்டாம், விடுங்க" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் குழப்பம். இரண்டுமே மனதாரச் சொன்னதுதான். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் டூல் சின்னது. டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கமாண்ட் லைன் புரோகிராம். டிஸ்கியில் 'கெ' என்ற எழுத்துக்குக் கொம்பு முதலில் வரும், ககரம் பின்னால் வரும். யூனிகோடில் ககரம் முதலில், கொம்புக் குறி அப்புறம். கோப்பைப் படி, இடம் மாற்று, எழுது, அவ்வளவுதான் வேலை. இன்டர்நெட் வேண்டாம், திரெட் வேண்டாம். வாஸி இதற்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. முன்பு விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, ராஸ்பெரி பைக்கு ஒன்று என்று தனித்தனியாக பில்டு எடுப்பேன். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எக்ஸி என்பதால் ஆன்டிவைரஸ் வேறு தடுக்கும். இப்போது ஒரே வாஸ்ம் கோப்பு போகிறது. வாங்குகிறவர் அதை இயக்கித் தரும் வாஸ்ம்டைம் என்ற ரன்டைமை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். அதுவும் ஒரு சுமைதான், மறுக்கவில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இருக்கிறது. இந்த டூலைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்கள், சிற்றிதழ் நடத்துகிறவர்கள். பல வருஷக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கும் ஃபோல்டரை முன்பின் தெரியாத ஒருவரின் புரோகிராமிடம் கொடுக்கத் தயங்குவார்கள். தயங்கவும் வேண்டும். வாஸியில் எந்த ஃபோல்டரைக் கையில் கொடுக்கிறோமோ அது மட்டும்தான் புரோகிராமுக்குத் தெரியும். வேறு எதையாவது திறக்கப் பார்த்தால், "இந்தக் கோப்பைத் திறக்க, முன்கூட்டியே திறந்து கொடுத்த ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஃபோல்டருக்கான அனுமதிச் சீட்டு மாதிரி) எதுவும் கிடைக்கவில்லை" என்கிற அர்த்தத்தில் ரஸ்ட்டிடமிருந்து பிழை வரும். முதல்முறை பார்க்கும்போது எரிச்சலாக இருக்கும். அப்புறம் யோசித்தால், இதைத்தானே கேட்டோம் என்று தோன்றும். என்விரான்மென்ட் வேரியபிள்கூட நாமாகக் கொடுத்தால்தான் உள்ளே போகும். பி1-இல் ஒரு புரோகிராம் தானாக சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) திறந்து வெளியே தொடர்புகொள்ள வழியே இல்லை. என் வார்த்தையை யாரும் நம்ப வேண்டியதில்லை. வாஸ்ம் கோப்பைப் பிரித்து அதன் இம்போர்ட் பட்டியலைப் பார்த்தால் பாத்_ஓப்பன், எஃப்டி_ரீட், எஃப்டி_ரைட் என்று என்னென்ன கேட்கிறது என்பது வரிவரியாக இருக்கும். நேட்டிவ் எக்ஸியில், அதாவது அந்தந்த இயங்குதளத்துக்கென்றே எடுத்த பில்டில், இந்த நிம்மதியைக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: கொடுத்த ஃபோல்டருக்குள் அது எழுதவும் முடியும். ஆகவே மூலத்தைக் கொடுக்காமல் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

இனி கோபம்.

டார்கெட்டின் பெயர்தான் பிரச்சினை. வாஸியை மொஸில்லா 2019 மார்ச்சில் அறிவித்தது. ரஸ்ட்டில் அதற்கு வாஸ்ம்32-வாஸி என்று பெயர் வைத்தார்கள். 2024 ஜனவரியில் வாஸி 0.2, அதாவது பி2, வந்தது. பழையதோடு நேரடியாகப் பொருந்தாத புது அமைப்பு அது. ஆகவே அந்த வருஷம் மே மாதம் வந்த ரஸ்ட் 1.78-இல் வாஸிபி1, வாஸிபி2 என்று இரண்டு பெயர்கள் சேர்ந்தன. 2025 ஜனவரியில் வந்த 1.84-இல் பழைய பெயரையே எடுத்துவிட்டார்கள். எண் இல்லாத வெறும் 'வாஸி' என்ற பெயரை வருங்கால 1.0-க்காக ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது காரணம். நியாயமான காரணம். 2024 ஏப்ரலிலேயே அறிவித்து மாதக்கணக்கில் அவகாசமும் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

குறை எங்கே என்றால், இந்தப் பெயர் ஒரு புராஜெக்டில் எத்தனை இடத்தில், எத்தனை வடிவத்தில் இருக்கிறது என்பதில். ரஸ்ட்டின் பில்டு கருவியான கார்கோவின் கான்ஃபிக் கோப்பில் சின்ன எழுத்தில், நடுவில் ஹைஃபனோடு இருக்கும். சி லைப்ரரி ஏதாவது கூட வந்தால் எந்தக் கிளாங்கை (சி கம்பைலர்) கூப்பிட வேண்டும் என்று சொல்லும் வேரியபிளில் ஹைஃபனுக்குப் பதில் அண்டர்ஸ்கோர். ரன்னரை, அதாவது பில்டு ஆன கோப்பை இயக்கும் புரோகிராமை, வெளியிலிருந்து குறிப்பிடும் வேரியபிளில் எல்லாம் பெரிய எழுத்து, அண்டர்ஸ்கோரோடு. அப்புறம் பில்டு முடிந்து கோப்பு விழும் ஃபோல்டரின் பெயரும் அதேதான். ஒரே பெயர், மூன்று எழுத்துமுறை. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டால் ஒன்று மாறும், மற்றவை அப்படியே நிற்கும்.

நின்றால் நிற்கட்டும், பிழை காட்டினால் திருத்திக்கொள்ளலாம். காட்டாது. கான்ஃபிக் கோப்பில் பழைய பெயரில் ஒரு பகுதி இருந்தால் கார்கோ அதைச் சத்தமில்லாமல் கடந்து போகும். ரன்னர் வரி அதற்குள்தான் இருக்கும். ஆகவே வாஸ்ம்டைமைக் கூப்பிடாமல் வாஸ்ம் கோப்பையே நேரடியாக இயக்கப் பார்த்து லினக்ஸ் மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியைப் படித்தால் பெயர் மாறியதுதான் காரணம் என்று யாருக்காவது தோன்றுமா? கிளாங் வேரியபிளும் அப்படியே. பெயர் பொருந்தாவிட்டால் எந்தக் கருவியும் அதைப் பார்க்கவே பார்க்காது. கணினியில் இருக்கிற சாதாரணக் கிளாங்கே வேலைக்கு வரும்; ஸ்டாண்டர்டு ஹெடர் கோப்பைக் காணோம் என்று அது புலம்பும். வாஸிக்கான கிளாங்கும் ஹெடர்களும் அடங்கிய வாஸி எஸ்டிகே சரியாக நிறுவப்பட்டு இன்னொரு ஃபோல்டரில் சும்மா கிடக்கும்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த பில்டு ஃபோல்டர். பெயர் மாறினதும் புது பில்டு புது ஃபோல்டரில் விழுகிறது. பழைய ஃபோல்டர் போன வருஷத்து வாஸ்ம் கோப்போடு அப்படியே இருக்கிறது. ஜிப் கட்டும் ஸ்கிரிப்ட்டுக்குக் கோப்பு கிடைத்துவிடுகிறது, அதையே கட்டி அனுப்புகிறது. டெஸ்ட் எல்லாம் புதிதில் ஓடி பாஸ் ஆகும், பயனர் கைக்குப் போவது பழையது. திருத்திய பிழை மறுபடி வந்திருக்கிறதே என்று ஒருவர் எழுதினால் எங்கே போய்த் தேடுவது? இதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. தெரியாத டார்கெட் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது என்று மஞ்சள் நிறத்தில் ஒரு வரி எச்சரிக்கை போட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

கோ மொழிக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 2023 ஆகஸ்டில் வந்த கோ 1.21-இல் வாஸியைச் சேர்த்தபோதே வாஸிபி1 என்று எண்ணோடு வைத்துவிட்டார்கள். அடுத்தது வந்தால் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம், இருப்பது அசையாது.

பி2-க்கு நேராகப் போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு: போகலாம், ரஸ்ட் 1.82 முதல் அது இரண்டாம் அடுக்கில் (பில்டு ஆகும் என்று உறுதி தரும் நிலை; மூன்றாம் அடுக்கில் அந்த உறுதி இல்லை) இருக்கிறது, சாக்கெட்டும் உண்டு. ஆனால் அதில் வெளிவருவது மாட்யூல் என்ற பழைய கோப்பு வடிவம் இல்லை, காம்பொனென்ட் என்ற புது வடிவம். கோப்பின் முதல் எட்டு பைட்டைப் பார்த்தாலே தெரியும். முதல் நான்கும் இரண்டிலும் ஒன்றுதான்: ஒரு சுழியம், அப்புறம் ஏ, எஸ், எம். அடுத்த நான்கு மாட்யூலில் 1, 0, 0, 0. காம்பொனென்ட்டில் 13, 0, 1, 0. கோப்பின் நீட்சிப் பெயர் இரண்டுக்கும் வாஸ்ம்தான். பி1 மட்டும் தெரிந்த ரன்டைமில் பி2 கோப்பைக் கொடுத்தால், இந்த வெர்ஷன் எனக்குத் தெரியாது என்று ஐந்தாவது பைட்டிலேயே கையை விரித்துவிடும். என் டூலைத் தங்கள் சர்வரில் பிளக்இன்னாக ஏற்றியிருக்கும் ஓரிடத்தில் இன்னும் பி1 மட்டும்தான் ஓடுகிறது. அவர்கள் மாறும்வரை நானும் மாற முடியாது.

நண்பர் எழுதியது கடை பில்களைப் படித்து மாதக் கணக்கு போடும் டூல். நியாயமாகப் பார்த்தால் வாஸிக்கு நன்றாகவே பொருந்தும். அடுத்தவர் கணக்கைத் தொடுகிற புரோகிராம் என்பதால் அந்த ஃபோல்டர் கட்டுப்பாடு அவருக்கு என்னைவிடவும் தேவை. ஆனால் பில்டு சமாசாரத்தில் உட்கார அவருக்குப் பொறுமை கிடையாது, ஒரு வருஷத்துக்கு அதைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். அப்படிப்பட்டவரிடம் இந்த அமைப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நேட்டிவ் பில்டு எடுங்கள் என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

நான் விடப்போவதில்லை. டார்கெட் பெயரை ஒரே கோப்பில் எழுதி, மற்ற வடிவங்களை அதிலிருந்து ஸ்கிரிப்ட்டே உருவாக்கும்படி செய்துவிட்டேன். ஜிப் கட்டுவதற்கு முன் பில்டு ஃபோல்டர் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் அது ஆரம்பிக்கிறது. ரஸ்ட்டின் டார்கெட் பட்டியலில் வாஸிபி3 என்று ஒன்று மூன்றாம் அடுக்கில் ஏற்கெனவே வந்திருக்கிறது.