நீண்ட கார் பயணத்தில் மீன்கள்: ஆக்சிஜன் பையா, மூடி போட்ட வாளியா?

வீடு மாறும்போது மீன்களைக் காரில் கொண்டுபோக நடைமுறையில் இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, கடையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டித் தரும் பை. மற்றது, மூடி போட்ட வாளியும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும். நான் வாளியைத்தான் தேர்ந்தெடுத்தேன். பகல் முழுதும் நீளும் பயணம் என்றால் மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன். தொட்டியைத் தண்ணீரோடு தூக்கி வண்டியில் வைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். கண்ணாடி இணைப்பு விட்டுவிடும்.

பையைக் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று கட்டித் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிவிட்டால் வெயிலும் வெளிச்சமும் அண்டாது. பம்ப் நின்றுவிடுமோ என்ற பயமும் இல்லை. வண்ணமீன் ஏற்றுமதியே இப்படித்தான் நடக்கிறது. கெளுத்தி வகைகளின் முள் குத்தாமலிருக்க இரட்டைப் பை போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது ஆக்சிஜன் அல்ல, அம்மோனியா. மீன் பட்டினி கிடந்தாலும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். கட்டிய பைக்குள் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தண்ணீரின் பி.எச். அளவு இறங்குகிறது, அதாவது அமிலத்தன்மை கூடுகிறது, அந்த நிலையில் அம்மோனியாவில் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும். அதனால் வழியெல்லாம் மீன் தெம்பாகவே தெரியும். சிக்கல் பையை அவிழ்க்கும்போதுதான். கார்பன் டை ஆக்சைடு வெளியேற, பி.எச். ஏற, அம்மோனியம் மறுபடி நஞ்சாகிறது. ஆகவே நெடுநேரம் கட்டிவைத்த பையைத் திறந்துவைத்துக்கொண்டு, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கக் கூடாது. கட்டியபடியே மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், அவிழ்த்த கையோடு வலையால் அள்ளித் தொட்டியில் விட வேண்டும். இரண்டு ஊர்த் தண்ணீரின் தன்மையும் வெகுவாக மாறுபட்டால் இது மீனுக்குக் கடினம்தான்.

வாளியில் இந்த மறைப்பு கிடையாது. குமிழிகள் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிவிடுவதால் பி.எச். இறங்காது, அம்மோனியாவின் நஞ்சும் பையில்போலக் குறையாது. ஆனால் தண்ணீர் அதிகம் என்பதால் அடர்த்தி குறைவு. அதைவிட முக்கியம், பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அப்படியே வாளிக்குள் போட்டு அதே பம்பில் இணைத்துவிடலாம். அதில் குடியிருக்கும் பாக்டீரியா வழியிலேயே அம்மோனியாவைத் தின்னும். போய்ச் சேர்ந்ததும் புதுத் தொட்டியை நடத்தவும் அதே ஸ்பாஞ்ச் உதவும். நிறுத்தத்தில் மூடியைத் திறந்து பார்க்கலாம். தண்ணீர் கலங்கியிருந்தால் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, கேனில் கொண்டுவந்த பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றலாம். கட்டிய பையில் இதற்கு வழியே இல்லை.

வாளி சோப்புப் படாததாக இருக்க வேண்டும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் போதும். மூடியின் விளிம்பில் காற்றுக்குழாய் நுழையும் அளவுக்கு ஒரு சிறு வெட்டு. பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்து நின்றுபோனால் குழாய் வழியே தண்ணீர் இறங்கிப் பம்பைக் கெடுத்துவிடும். எஞ்சின் சத்தத்தில் பம்பின் ரீங்காரம் கேட்காது, எனவே அடிக்கடி தொட்டுப் பாருங்கள், அதிர்வு தெரியும். டிக்கி வேண்டாம், வெக்கை. முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடமே நல்லது. புறப்படுவதற்கு முந்தைய நாள் முழுக்கத் தீனியை நிறுத்துங்கள். இது பைக்கும் பொருந்தும்.

ஒன்றையொன்று கடிக்கும் மீன்களுக்குத் தனித்தனிப் பைதான் சரி. ஃபைட்டர் மீனுக்கு ஆக்சிஜன்கூட வேண்டாம். மேலே வந்து காற்றை விழுங்கும் இனம், பாதி காற்று விட்ட சிறு டப்பா போதும். கடல்மீன் நான் வளர்த்ததில்லை. மேலே சொன்னதெல்லாம் நன்னீர் மீன்களை வைத்துத்தான்.