ஊரில் பல் அடைக்கப் போகிறீர்களா? முதல் வாரமே போய்விடுங்கள்

ஆஸ்திரேலியாவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரியவர்களின் சாதாரணப் பல் வேலைக்குக் காசு தராது. எப்படியும் கைக்காசுதான் என்பதால் பெர்த்தில் இருக்கும் நம்மவர்கள் பலர் பல்லைச் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு என்றே தள்ளிப்போடுவார்கள். என் கீழ்க் கடைவாய்ப் பல்லும் அப்படித்தான் சிங்கப்பூரில் அம்மா இருக்கும் யீஷூன் வரை வந்து சேர்ந்தது.

அம்மா வழக்கமாகப் போகும் கிளினிக், புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. 1950களில் பிறந்த அம்மாவுக்கு, அந்த வயதுக் குடிமக்களுக்கு அரசு தரும் மெர்டேக்கா தலைமுறைச் சலுகை உண்டு. குடியுரிமையை விட்டுவிட்ட எனக்குக் கிளினிக் கட்டணத்துக்கு அரசு தரும் சாஸ் (CHAS) உதவி ஒன்றும் கிடையாது, முழுக் கட்டணம். ஆனாலும் சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிட்டார்கள், விலையை ஊசி போடுவதற்கு முன்பே சொன்னார்கள்.

பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற அடைப்புப் பொருளை வைத்து, நீல விளக்கு காட்டி இறுக வைத்தார் டாக்டர். இது அங்கேயே கெட்டியாகிவிடும். கடைசியில் கடி சரியா என்று பார்க்க, மை தடவிய நீலத் தாளை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து, "கடிங்க, இப்படி அப்படித் தேய்ங்க" என்றார். தாடை மரத்துக் கிடக்கும்போது எதைக் கடிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆனது. இரவு தோசையை மெல்லும்போதுதான் அந்தப் பல் மற்றவற்றை முந்திக்கொண்டு மேல்பல்லைத் தொடுவது தெரிந்தது. ஓரத்தில் சொரசொரப்பு வேறு.

"உப்புத்தண்ணி கொப்பளி, சரியாயிடும்" என்றார் அம்மா. அண்ணன் நகம் தேய்க்கும் அரத்தையே எடுத்து வந்துவிட்டார்! தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அடைப்போடு நல்ல எனாமலும் போய்விடும்.

நாக்குக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும். லேசான சொரசொரப்பு மட்டும் என்றால் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் ஓயாமல் தடவிப் பார்த்தால் நாக்குத்தான் புண்ணாகும். கடிக்கும்போது உயரமாக இருந்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடி முழுவதும் அந்தப் பல்லுக்கே விழுந்து வலி தொடங்கும். ஃபிளாஸ் நூல் அதே இடத்தில் பிசிறி அறுந்தாலோ, சோறு சிக்கினாலோ ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈறு வீங்கும் முன் போய்விடுங்கள். குளிர்ந்த தண்ணீருக்குக் கூசுவது சில வாரம் இருக்கலாம். இரவில் விண்விண்ணென்று தெறித்தாலோ கன்னம் வீங்கினாலோ உடனே போக வேண்டும்.

காலையில் போன் செய்து, "கடிச்சா உயரமா இருக்கு, நாக்குப் பக்கம் குத்துது" என்று இடத்தோடு சொன்னேன். முதல் நோயாளிக்கு முன்பே வரச் சொல்லிவிட்டார்கள். இந்த முறை ஊசி இல்லை. உணர்வு இருந்தால்தான் கடி சரியா என்று நானே சொல்ல முடியும். பல்லை உலர்த்தி, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் படிந்த இடத்தைச் சின்னக் கருவியால் சீவினார். பல்லிடுக்கில் உப்புத்தாள் மாதிரி ஒரு மெல்லிய பட்டையை இழுத்துவிட்டு, ரப்பர் முனையால் மெருகேற்றினார். சில நிமிட வேலை, கட்டணம் வாங்கவில்லை. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, போனிலேயே கேட்டுவிடுவது நல்லது.

தொடக்கப்பள்ளியில் கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்தி, குவளையும் பிரஷுமாகப் பல் தேய்த்த தலைமுறை நாங்கள். பல் டாக்டரிடம் திரும்பிப் போய்க் குறை சொல்ல இன்னும் கை நடுங்கும். தேவையே இல்லை, அவர்களுக்கு இது அன்றாட வேலை.

ஆகவே பல் வேலையைப் புறப்படும் வாரத்தில் வைக்காதீர்கள். எக்ஸ்ரேயையும் என்ன பொருள் வைத்தார்கள் என்ற குறிப்பையும் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்போடு விமானம் ஏறிவிட்டாலும் பயமில்லை, இங்கே பெர்த்தில் எந்தப் பல் மருத்துவரும் தேய்த்துச் சரிசெய்வார். அதற்குத் தனியாக ஒரு பில் வரும், அவ்வளவுதான்.