சென்னையை நடந்து பார்க்க: பையைப் பிடிக்க வேண்டிய இடங்கள்

நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் பக்கம் பால் வாங்க வேண்டுமென்றாலும் கார்தான். நடைபாதை இருக்கும், நடக்க ஆள் இருக்காது. அதனால் ஊருக்கு வந்தால் எனக்கு முதல் ஆசை நடப்பதுதான். ஆனால் மேற்கு மாம்பலத்தில் அண்ணன் வீட்டில் நான் செருப்பை மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்: “தனியாவா போற? செயினை அறுத்துட்டுப் போயிடுவான். இரு, ஆட்டோ புக் பண்றேன்.” வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மில் பலர் இந்தப் பேச்சுக்குப் பயந்தே ஊரை ஏசி காரின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அப்படித் திரும்ப வேண்டியதில்லை. இந்த ஜனவரியில் தி.நகர், மயிலாப்பூர், பாரிமுனை, திருவல்லிக்கேணி என்று எல்லாவற்றையும் பெரும்பாலும் நடந்துதான் பார்த்தேன். பேருந்து, மெட்ரோ, நடைபாதை, காவல் நிலையம் எல்லாம் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் பிக்பாக்கெட் விஷயம். எங்கள் தெருவில் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். “நடந்துட்டே இருக்கறவங்க கிட்ட அவனுக்கு வேலை இல்லம்மா. நீங்க நிக்கணும், இடிபடணும், ரெண்டு கையும் வேற எதையாவது பிடிச்சிருக்கணும். அப்பதான் அவன் வருவான்” என்றார். இன்னொன்றும் சொன்னார்: “‘ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை’ன்னு எழுதியிருக்கறதப் படிச்ச உடனே எல்லாரும் பாக்கெட்டைத் தொட்டுப் பாப்பாங்க. பணம் எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிடும்.” அதன்பிறகு வெளியே போனபோதெல்லாம் கவனித்துப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே இருந்தது. ரயில் வந்து நின்றதும், ஏறப் போகிற ஆண்களில் பாதிப் பேர் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போகிறது.

பேருந்தின் படிக்கட்டில் முன்னால் ஏறுகிறவர் சட்டென்று நின்றுவிடுவார், சில்லறை விழுந்துவிட்டது என்று குனிவார், பின்னால் இருப்பவர் தள்ளுவார். நம் கவனமெல்லாம் காலில் இருக்கும்போது மூன்றாவது ஆள் பையைப் பார்த்துக்கொள்வார். எடுத்தது உடனே கைமாறிவிடும், பிடித்துக் கேட்டாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது. போலீஸ்காரர்கள் ‘கவனத்தைத் திசைதிருப்பித் திருட்டு’ என்று சொல்வதும் இதே சங்கதிதான். சட்டையில் ஏதோ கறை என்று காட்டுவது, கீழே கிடக்கும் பத்து ரூபாய் நோட்டுகளைக் காட்டி “உங்க பணமா பாருங்க” என்பது எல்லாமே உங்களை நிற்கவைக்கும் வேலை. யாராவது அப்படிச் சொன்னால் ஒரு கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டு நேராகப் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிடுங்கள். கறையை அங்கே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே சென்னையில் நாள் முழுக்கப் பதறிக்கொண்டே நடக்க வேண்டியதில்லை. கெட்டியாகப் பிடிக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: பேருந்துப் படி, ரயில் நிலைய மாடிப்படி, ரங்கநாதன் தெருவின் இரண்டு முனைகள், பெரிய ஜவுளிக்கடைகளின் பில் கவுண்டர், கோயில் திருவிழா. மற்ற இடங்களில் தலையை நிமிர்த்தி ஊரைப் பாருங்கள்.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி தி.நகர் போவது முன்பெல்லாம் பெரிய போராட்டம். ரயிலில் வந்த கூட்டம் அத்தனையும் ரங்கநாதன் தெருவுக்குள்தான் போய்க் கொட்டும். 2023 மே மாதம் அங்கே ஸ்கைவாக் என்கிற உயர்நடைபாதையைத் திறந்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரைக்கும் 570 மீட்டர், லிஃப்டும் நகரும் படியும் உண்டு. இதை மழைக்கும் வெயிலுக்குமான வசதி என்று மட்டும் நினைக்க வேண்டாம். எதிரும் புதிருமாக இடித்துக்கொள்ளாமல் நடக்க முடிகிறது என்பதே பாதி பாதுகாப்பு. முழங்கால் வலிக்காரியான என் அண்ணி, பல வருஷத்துக்குப் பிறகு நடந்தே உஸ்மான் ரோடு பக்கம் வந்தார். வாங்குவது ரங்கநாதன் தெருவில்தான் என்றாலும், போகவர ஸ்கைவாக்கைப் பிடியுங்கள். தீபாவளி சமயத்தில் அந்தத் தெருப் பக்கம் கண்காணிப்புக் கோபுரமே வைத்துக் காவலர்கள் நிற்பார்கள். கூட்டம் எப்படியிருக்கும் என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பாண்டி பஜார் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் அது. அகலமான நடைபாதை, உட்காரப் பெஞ்சு, மர நிழல். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் சாவகாசமாகப் போனது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாகத் தனிக் கொள்கை வகுத்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் இது. அந்தக் கொள்கையை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது இந்த மாதிரித் தெருதான் என்று தோன்றியது. பனகல் பார்க் பக்கம் திரும்பினால் கதையே வேறு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரம் அடித்திருக்கிறார்கள், நடக்கிறவருக்கு மிஞ்சுவது ஒரு ஆள் அகலம். மயிலாப்பூர் லஸ் முனையிலும் அதே நிலைமை. வேலை முடிந்தால் ஊருக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இப்போதைக்கு அந்தத் தகரச் சந்துகளையும் பை பிடிக்கிற இடங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள். பைக்குகளும் அதற்குள் வருகின்றன. மாநகராட்சி அங்கே நடப்பவர்களுக்கென்று ஒரு கயிறு கட்டிப் பிரித்துவிட்டாலே போதும். செலவில்லாத காரியம், ஏன் செய்யவில்லை என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

பேருந்து. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே முதல் இலவசம். யார், எந்த ஊர் என்றெல்லாம் என்னை யாரும் கேட்கவில்லை, கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். காசு மிச்சம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. முன்பு கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பர்ஸைத் திறந்து, சில்லறை தேடி, பின்னால் இருப்பவரிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். நம் பர்ஸில் என்ன இருக்கிறது என்று பேருந்தே பார்க்கும். இப்போது பர்ஸைத் திறக்கவே வேண்டாம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் சாயங்காலக் கூட்டத்தில் நின்றபோது சுற்றிலும் பார்த்தேன், ஒரு பெண்ணின் கையிலும் பர்ஸ் இல்லை. ஆண்களுக்கும் வழி இருக்கிறது. சிங்காரச் சென்னை அட்டையில் முன்கூட்டியே பணம் போட்டுக்கொண்டால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் அதையே காட்டலாம். மெட்ரோ டிக்கெட்டை வாட்ஸ்அப்பிலேயே எடுக்கலாம். மெட்ரோ நிலையங்கள் சுத்தம், வாசலில் பை சோதனை உண்டு, கேட்டால் பொறுமையாக வழி சொல்கிறார்கள்.

பூக்காரம்மா முதல் இளநீர்க் கடை வரை எல்லாரிடமும் கியூஆர் அட்டை தொங்குவதால் கையில் ரொக்கம் அதிகம் வேண்டாம். அமெரிக்கா, சிங்கப்பூர், அமீரகம் உட்படச் சில நாடுகளின் கைபேசி எண்ணோடேயே, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் யூபிஐ வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே உங்கள் வங்கியில் கேட்டு முடித்துவிடுங்கள், இங்கே வந்து அலைய வேண்டாம். ஆனால் இப்போது பர்ஸ் இருந்த இடத்துக்குப் போன் வந்துவிட்டது. பைக்கில் வந்து போனைப் பறிப்பது ஜேப்படியைவிட எளிது. சாலையோரம் மேப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். வழி பார்க்க வேண்டுமா, ஒரு கடை வாசலில் ஏறி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து நின்று பாருங்கள். அப்புறம் போனை உள்ளே வைத்துவிட்டு நடங்கள். அதைவிட, டீக்கடையில் கேட்டால் மேப்பைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நடை பாரிமுனையில்தான். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சிவப்புக் கட்டடத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டு, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகப் பூக்கடைப் பக்கம் போய், கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குள் நுழைந்து தங்கசாலையில் வெளியே வரலாம். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருக்கும். சரக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு “ஓரம்! ஓரம்!” என்று வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும், அவர்கள் நிற்க மாட்டார்கள், நிற்கவும் முடியாது. ஒதுங்கும்போது பையை முன்னால் இழுத்துக்கொண்டு ஒதுங்குங்கள். மதியத்துக்கு மேல் அங்கே நடப்பது நடையே இல்லை, கூட்டம் தள்ளிக்கொண்டு போகும்.

நான் கொண்டுபோனது தோளில் குறுக்காக மாட்டும் சின்னத் துணிப் பை. ஜிப்பின் நாக்கை ஓர் ஊக்கால் பையின் துணியோடு சேர்த்துக் குத்திவிடுவேன். திறக்க எனக்கே இரண்டு கையும் வேண்டும், கூட்டத்தில் வேறொருவர் சத்தமில்லாமல் அதைத் திறக்க முடியாது. அன்றைய செலவுக்கான பணம் அதில், மீதி வீட்டில். தாலிச் சங்கிலி போட்டிருப்பவர்கள் அதே ஊக்கால் ரவிக்கையோடு குத்திக்கொண்டு துப்பட்டாவையோ முந்தானையையோ மேலே போர்த்திக்கொள்ளலாம்.

இதை எனக்கு நினைவுபடுத்தியது மயிலாப்பூர் வடக்கு மாட வீதிப் பூக்காரம்மாதான். இரண்டு முழம் மல்லிகையை அளந்துகொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், “செயினை உள்ள வுட்டுக்கமா, வெளிய தெரியுது பார்” என்றார். சென்னையில் இது சாதாரணம். “அக்கா, பேக் ஜிப் திறந்திருக்கு”, “சார், போன் விழற மாதிரி இருக்கு” என்று முன்பின் தெரியாதவர்கள் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே இதைத்தான் முதலில் வைப்பேன். நியூஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனில் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே அண்ணியின் போன் போனது. ஒரு பேருந்து நிறுத்தத்தில், ஏறுகிற நெரிசலில், கைப்பையின் வெளி அறையிலிருந்து. உடனே என் போனிலிருந்து சிம் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் சொல்லி இரண்டையும் முடக்கினோம். காவல் நிலையத்துக்குப் போனால், “அந்த ஸ்டாப் எங்க எல்லை இல்ல, அடுத்த ஸ்டேஷன் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லியும் பலனில்லை. ஒரு பெண்மணி கண்கலங்கி நிற்கும்போது எல்லை பேசியது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த நிலையத்தில் இருந்த பெண் காவலர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, புகாரை எழுதி வாங்கி, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதும் கொடுத்தார். அந்த ரசீதையும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணையும் வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கச் சொல்லிக் கோரலாம். முடக்கிவிட்டால் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் அது வேலை செய்யாது. போனில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண் வரும். போன் கையில் இருக்கும்போதே அடித்து, எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அண்ணியின் எண் பழைய பெட்டி மேல் அச்சிட்டிருந்ததால் தப்பித்தோம். கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். ரயிலில் திருட்டு என்றால் ரயில்வே உதவி எண் 139.

பாஸ்போர்ட்டை மட்டும் தயவுசெய்து கையில் எடுத்துக்கொண்டு சுற்றாதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் தொலைந்தால் புகார் ரசீது, தூதரகத்தில் மாற்றுப் பயண ஆவணம், பிறகு நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி என்று விடுமுறை அதிலேயே போய்விடும். அமெரிக்கர்களுக்கு ஜெமினி பாலத்தடியிலேயே துணைத் தூதரகம் இருப்பது ஒரு வசதி. பீரோவில் பூட்டிவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை பங்குனியில் வருவதாக இருக்கிறேன், கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவருக்கு. மாட வீதிகளில் நகர இடமிருக்காது. செயினை ஊக்கால் குத்திக்கொள்ளச் சொல்லி போலீஸ் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். வடக்கு மாட வீதியில் தெரிந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இடம் சொல்லியாகிவிட்டது. அண்ணியும் வருகிறேன் என்றிருக்கிறார், புது போனை வீட்டில் வைத்துவிட்டு.