குருந்தா, காயாவா?

வன்னிக் காட்டோரம் பூக்காத நாளில் பார்த்தால் இரண்டும் ஒரே பற்றைதான். தடித்து மினுங்கும் கரும்பச்சை இலை, பங்குனி வெயிலிலும் மொட்டையாகாத கொப்பு.

குருந்துக்கு முள் உண்டு, காயாவுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் முள்ளில்லாத கொப்பொன்றைக் காயா என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா இலையைக் கசக்கி மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். குருந்து தேசிக்காய்க்குச் சொந்தம். கசக்கினால் அந்த வாசம் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இலை முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், நுனியில் சின்ன வெட்டும் இருக்கும். காயாவில் வாசமும் இல்லை, புள்ளியும் இல்லை. அதைவிட உறுதியானது இலை அடுக்கு: காயாவில் சோடி சோடியாக எதிரெதிரே, குருந்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்லலாம். முள்ளை நம்ப வேண்டாம். குருந்தில் சில கொப்புகளில் அது இருக்கவே இருக்காது.

பூத்துவிட்டால் குழப்பமே இல்லை. காயா, இலை உதிர்ந்த பழைய கொப்பிலும் கொத்துக் கொத்தாக நீலம் பூசிக்கொள்ளும். திருமாலின் நிறத்துக்கு உவமை சொன்ன பூ அல்லவா! ஆனால் அந்த அழகு சில நாட்களுக்குத்தான். குருந்து வெள்ளையாய், மணமாய்ப் பூத்துக் குட்டித் தேசிக்காய்போல் காய்க்கும். காயாவுக்குக் கறுத்த மணிப் பழம். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்டதும் குருந்தடியில்தான்.

பயனில் காயா இலைக்கு ஒரு பழைய கெட்டித்தனம் உண்டு. அதில் அலுமினியம் சேர்ந்திருக்கும். சாயவேரோடு போட்டால் படிகாரம்போல் சாயத்தைத் துணியில் பிடித்து வைக்கும்.

சரி, யாழ்ப்பாண வளவுக்கு எது? இரண்டுமே மெதுவாக வளரும், இரண்டுமே கோடையைத் தாங்கும், இளங்கன்றில் கொஞ்சம் நிழல் கேட்கும். கார்த்திகை மாரியில் நீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வைக்கக்கூடாது. என் முதல் காயாக்கன்று அப்படித்தான் அழுகிப்போனது. இப்போது வேலியோரம் குருந்துதான் வைத்திருக்கிறேன். பழத்திலிருந்து எடுத்த விதையைக் காயவிடாமல் உடனே ஊன்றினேன். வெட்டிவிட்டால் அடர்ந்து நிற்கிறது. பறவை எச்சம்போன்ற வண்ணத்துப்பூச்சிப் புழுக்களும் இலையைத் தின்ன வந்துவிட்டன. அம்மாவுக்கு அதுகளைக் கண்டால் ஆகாது, எனக்கோ அதற்காகவே குருந்து பிடிக்கும்.