இரட்டை முனை ஊசி: அம்மை குத்திய ஒருவனின் மதிப்புரை

இந்தப் பொருளை நீங்கள் வாங்கப் போவதில்லை. தேவையும் இல்லை. ஆனால் மிக்சிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறார்கள், பெரியம்மையை ஒழித்த ஊசிக்கு நாலு வரி எழுத ஆளில்லை. அறுபதுகளின் கடைசியில் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் அம்மை குத்தும் வேலைக்குச் சேர்ந்தவன் என்ற முறையில் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் பழைய கருவியைச் சொல்ல வேண்டும். ஒரு சிறிய தண்டு, அதன் முனையில் பல் வைத்த வட்டத் தகடு. தோலில் அம்மைப்பாலை, அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்தை, ஒரு சொட்டு விட்டு, தகட்டை அழுத்தித் திருக வேண்டும். தோல் கிழியும், பிள்ளை வீறிடும், வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகள் ஓட்டம் பிடிக்கும். ஒருவருக்குக் குத்தியதும் சாராய விளக்கில் காட்டி, ஆறவிட்டு, அடுத்தவருக்கு. கூட்டம் நெருக்கும்போது ஆறும்வரை காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் தாத்தா பாட்டி கையில் அகலமாக இருக்கிறதே தழும்பு, பெரும்பாலும் இதன் கைங்கரியம்தான்.

அப்புறம் வந்தது இரட்டை முனை ஊசி. சுண்டு விரல் நீளத்தில் ஓர் எஃகுக் கம்பி, முனை மட்டும் நண்டுக் கொடுக்கு போலப் பிளந்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் வைத் (Wyeth) என்ற மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் ரூபின் தையல் ஊசியின் காதைத் தேய்த்துத்தான் இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தார். உலக சுகாதார நிறுவனத்திடம் அந்தக் கம்பெனி உரிமைத்தொகையும் கேட்கவில்லை. ஆயிரம் ஊசி சுமார் ஐந்து டாலர். விலைக்கு முழு மதிப்பெண்.

வேலை செய்யும் விதம்தான் அழகு. மருந்தில் முக்கி எடுத்தால் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சொட்டு தானாக நிற்கும். அந்தச் சொட்டுதான் ஒரு ஆளுக்கான அளவு, வேறு கணக்குத் தேவையில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். சொட்டு இல்லையென்றால் ஊசியை முக்கியதே வீண். மணிக்கட்டை அந்த ஆளின் கையிலேயே ஊன்றிக்கொண்டு, ஊசியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு சின்ன வட்டத்துக்குள் படபடவென்று 15 குத்து. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் இலேசாக ரத்தம் கசியும். அதைப் பார்த்தால் போதும், அடுத்த ஆளைக் கூப்பிடலாம். குத்துவதற்கு முன் ஸ்பிரிட் தடவக் கூடாது, மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி அதில் செத்துவிடும். அழுக்கென்றால் வெறும் தண்ணீரில் கழுவினால் சரி. புதிதாக வருகிறவருக்குக் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். பழைய முறைக்கு ஆனதில் கால்வாசி மருந்துதான் செலவு.

மருந்தையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். திரவ அம்மைப்பால் நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் சக்தி இழந்துவிடும். உறைய வைத்து உலர்த்திய மருந்தோ வெயிலில் ஒரு மாதம் தாங்கும். நம் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலேயே அதைத் தயாரித்தார்கள். கரைத்த பிறகு அன்றே தீர்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் தொல்லை.

குறைகளும் உண்டு. மணலில் விழுந்தால் கிடைக்காது. கை ஓய்ந்து எண்ணிக்கையைக் குறைத்துவிட்டால் மருந்து பிடிக்காது, அது ஒரு வாரம் கழித்துப் போய்க் கொப்புளம் வந்ததா என்று பார்க்கும்போதுதான் தெரியும். வரவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. எல்லாவற்றையும்விட, பார்ப்பதற்கு மரியாதை இல்லாத உருவம். ஒரு பாட்டி ஊசியை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, “ஆத்தா இறங்குறதை இந்தக் கம்பியா தம்பி தடுக்கப் போவுது?” என்று கேட்டார். பேரனைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். மாரியம்மனைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தெருவிலேயே எனக்கு வேலை நடந்திருக்காது. “ஆத்தாவுக்குச் செய்யறதைச் செய்யுங்க, பிள்ளைக்கு இதையும் செய்துவிடலாம்” என்றேன். பையன் அழக்கூட இல்லை. பழைய திருகுக் கருவியோடு போயிருந்தால் கதை வேறு.

தடுப்பு இல்லாதவர்களைப் பெரியம்மை தாக்கினால் பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர் பிழைக்க மாட்டார்கள். பிழைத்தவர்களில் பார்வை போனவர்களும் உண்டு. 1975 மே மாதம் அசாமில் இந்தியாவின் கடைசி நோயாளி, 1977இல் சோமாலியாவில் இயற்கையாக நோய் கண்ட உலகின் கடைசி ஆள், 1980இல் ஒழிந்தது என்ற அறிவிப்பு. எல்லாப் பெருமையும் ஊசிக்கே என்று எழுதினால் உடன் வேலை பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். நோய் கண்ட வீட்டைத் தேடிப் பிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் குத்தியதால்தான் சங்கிலி அறுந்தது. அதற்கு நடந்த கால்களுக்கு யார் மதிப்பெண் போடுவது? ஊசிக்கு ஐந்தில் நாலரை.

இளைஞர்கள் சிலர் தங்கள் தோள்தழும்பைக் காட்டி “இது அம்மை குத்தினதா?” என்று கேட்கிறார்கள். எழுபதுகளின் கடைசிக்குப் பிறகு பிறந்தவர் என்றால் இல்லை. இடது தோளில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பு காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்டது, அதற்கு நான் பொறுப்பல்ல.