கொழிஞ்சாம்பாறை நடுப்பெட்டி: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முப்பது வருடமாக ஆடிய அனுபவம்

முதன்முதலில் இதை ஆடியபோது ஏழாம் வகுப்பில் இருந்தேன். 1994. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடையை ஒட்டி ஒரு வீடியோ கேம் கடை. உள்ளே மூன்று பெட்டிகள். நடுப்பெட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, சாம்பியன் எடிஷன். டோக்கன் இரண்டு ரூபாய். அந்தக் கடையே மூடிப்போன பிறகு கம்ப்யூட்டரில் ஆடினேன், இப்போது 2018இல் வந்த முப்பதாம் ஆண்டுத் தொகுப்பில் ஆடுகிறேன். நடுவில் எத்தனையோ புதுச் சண்டை கேம்கள் வந்தன. வாங்கினேன், ஆடினேன், சில மாதத்தில் விட்டேன். இதை மட்டும் விட முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானிய நிறுவனமான கேப்காம் 1991இல் வெளியிட்டது. எட்டுத் திசைக்கும் சாயும் ஒரு குச்சி, ஆறு பட்டன். மூன்று குத்து, மூன்று உதை. ஒவ்வொன்றிலும் லேசு, நடுத்தரம், பலம். முதலில் எட்டுப் பேரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும். 1992இல் வந்த சாம்பியன் எடிஷனில் கடைசியாக வரும் நான்கு வில்லன்களையும் சேர்த்துப் பன்னிரண்டு. இரண்டு பேரும் ஒரே வீரனை எடுக்கலாம், ரியூ என்ற வீரனுக்கு எதிராக ரியூவே நிற்கலாம் என்பதும் அதில்தான் வந்தது. கடையில் ரியூவுக்காக நடந்த சண்டை அதோடு தீர்ந்தது.

இந்த ஆட்டத்தின் உயிர் இடைவெளியில் இருக்கிறது. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது. ரியூவின் ஹடோகென் என்ற நெருப்புருண்டையை எல்லாரும் அடிக்கிற ஆயுதம் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் கை ஓயும்வரை விட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருவர் விட்ட உருண்டை திரையில் இருக்கும்வரை அவரால் இன்னொன்று விட முடியாது. விட்ட கையோடு சற்று நேரம் அசையவும் முடியாது. தூரத்தில் நின்று விட்டால் ஆபத்தில்லை. நாலடி முன்னால் வந்து விட்டால், எதிராளி தாவிவந்து தலையில் உதைப்பான். அப்படியானால் எந்தத் தூரத்தில் விட்டால் அவன் தாவியே ஆக வேண்டும், தாவினாலும் நமக்கு அடிக்க நேரம் இருக்கும்? அந்த ஒரு இடம்தான் ஆட்டம். ஹடோகென் அவனைத் தாவ வைக்க. இறங்கும்போது வாங்கிக்கொள்ள ஷோர்யுகென் என்ற, எம்பி மேல்நோக்கிக் குத்தும் குத்து.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் பக்கத்துச் சித்தூரிலிருந்து வரும் ஒரு மலையாளி சேட்டன். எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கைல் என்ற வீரனைத் தவிர வேறு யாரையும் எடுக்க மாட்டார். கைலின் சோனிக் பூம் வர, குச்சியைப் பின்னால் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, பிறகு முன்னால் தள்ளிக் குத்த வேண்டும். பின்னால் பிடிப்பது என்றால் தடுத்துக்கொண்டிருப்பது. அதாவது அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும்போதே அடி தயாராகிக்கொண்டிருக்கும். நாங்களெல்லாம் குச்சியை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து ஆட்டுவோம், பெட்டியே குலுங்கும். அவர் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் குச்சியை விட்டு, டம்ளரைத் தாங்குவதுபோல் பிடிப்பார். மணிக்கட்டு மட்டும் அசையும். ஒருநாள் என் கையைப் பிடித்து அதேபோல் வைத்துவிட்டு, "மெல்லே, மோனே" என்றார். அந்தப் பிடியைத்தான் இன்றுவரை பிடிக்கிறேன்.

ஷோர்யுகென்னுக்கு முன், கீழ், பிறகு இரண்டுக்கும் நடு மூலை, அதோடு குத்து. எங்கள் பெட்டியில் வலப்பக்கக் குச்சியின் கீழ்மூலை தேய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு மூன்றில் ஒன்று வராது. அதனால் இடப்பக்கத்துக்குத்தான் அடிதடி. பெட்டியை மாற்றுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. வலப்பக்கம் கிடைத்தவர்கள் சுன்-லியை எடுத்தார்கள், அவளுடைய மின்னல் உதைக்கு மூலையே வேண்டாம், பட்டனைத் தட்டினால் போதும்.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா போட்டது. யாருக்காவது உயிர்க்கோடு குறைந்துவிட்டால் பாட்டு சட்டென்று வேகமெடுக்கும். கடை வாசலில் வரும்போதே காதில் விழும், உள்ளே ஒருவன் தோற்கப் போகிறான், அடுத்த டோக்கன் நமக்கு என்று.

அப்புறம் தால்சிம். இந்தியாவிலிருந்து வந்த யோகி, கையும் காலும் நீளும், வாயில் நெருப்பு. அவனுடைய மேடையில் இரண்டு பக்கமும் யானைகள் நிற்கும். பூரத்தில் யானை வரிசை பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது நம்ம ஊர் மாதிரியே இருந்தது. சித்தூரில் மாசி மாதம் கொங்கன் படை என்ற திருவிழா நடக்கும். படையெடுத்து வந்த கொங்கு மன்னனை பகவதியின் துணையோடு சித்தூர்க்காரர்கள் வென்றதாக ஐதீகம். அந்த வாரம் முழுக்கக் கடையில் சித்தூர்ப் பையன்கள் ஒரு கட்சி, வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிற நாங்கள் ஒரு கட்சி. ஒரு வருடம் என் மச்சான் தால்சிமை வைத்துக்கொண்டு வரிசையாக ஆறு பேரைத் தோற்கடித்தான். கைலை மட்டும் தாண்ட முடியவில்லை.

இத்தனை வருடம் ஆடியும் புதிதாக ஏதோ கிடைப்பதற்கு ஒரு காரணம் காம்போ. ஒரு அடி முடிவதற்குள் அடுத்ததைக் கோர்ப்பது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்தபோது தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனமிஸு, அடிகளுக்கு நடுவே இன்னொரு அடி நுழைவதைக் கவனித்தார். பிழை என்று அடைக்காமல் விட்டுவைத்தார்கள். பிறகு வந்த சண்டை கேம்கள் எல்லாம் அந்த விட்டுவைத்த இடத்தில்தான் வளர்ந்தன.

குறைகளும் உண்டு. கம்ப்யூட்டரோடு தனியாக ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைலை எடுத்தால் நாம் குச்சியைப் பின்னால் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கைல் முன்னால் நடந்து வந்துகொண்டே பாய்ந்து உதைப்பான். அது நியாயமே இல்லை. தலைசுற்றி நிற்கும் நிலை வந்தால் பாதி ஆட்டம் அங்கேயே போய்விடும். சாம்பியன் எடிஷனில் கடைசி வில்லன் பைசனின் கத்தரி உதை தடுத்தாலும் விடாது, மூலைக்குத் தள்ளிக்கொண்டே போகும். எங்கள் கடையில் பைசனை எடுத்தால் அடுத்த ஆட்டம் கிடையாது என்று பெரியவர்களே ஒரு விதி வைத்திருந்தார்கள்.

புதிதாக ஆடப் போகிறவர்கள் 1992 கடைசியில் வந்த ஹைப்பர் ஃபைட்டிங் என்ற அடுத்த பதிப்பில் தொடங்கலாம். வேகம் கூட. பைசன் அடங்கியிருப்பான். தால்சிமுக்கு மறைந்து வேறு இடத்தில் தோன்றும் வித்தை, சுன்-லிக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. முப்பதாம் ஆண்டுத் தொகுப்பில் பன்னிரண்டு கேம்கள் இருந்தாலும் இணையத்தில் ஆட நான்குதான். அந்த நான்கில் இதுவும் ஒன்று. பட்டனைத் தட்டியது திரையில் தாமதமாகத் தெரிவதைக் குறைக்க, டிவியில் கேம் மோட் போட மறக்க வேண்டாம். ஒரு வருடம் அதைப் போடாமல் ஆடி, வயதாகிக் கை மெதுவாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். போட்ட அன்று ராத்திரியே ஷோர்யுகென் திரும்பி வந்தது.

முடிந்தால் பக்கத்தில் ஆளை உட்காரவைத்து ஆடுங்கள். என் மகளுக்குப் பதினொரு வயது, சங்கீஃபை எடுக்கிறாள். குச்சியை ஒரு முழுச் சுற்று சுற்றிக் குத்தினால்தான் அவனுடைய பெரிய பிடி வரும். நான் ஹடோகென் விட விட, அவள் அவசரப்படாமல் தடுத்துத் தடுத்து ஒவ்வொரு அடியாக நெருங்கி வருகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சித்தூர் சேட்டன் வீட்டுக்கு வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கைலைத்தான் எடுத்தார். என்னை ஏழுக்கு மூன்று என்று வென்றார். மகளிடம் ஒரு ஆட்டம் தோற்றார், அது விட்டுக்கொடுத்தது இல்லை என்று பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத் தெரியும்.