தக்கலைப் பக்கத்து கார்புரேட்டர் பணிமனை: ஸ்லோவில் நிற்காத பத்மினிக்குக் கிடைத்த சரியான வைத்தியம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் குமரி மாவட்டத்தில் டிங்கர் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் ஆள் கிடைக்கிறார்கள். நிறுத்தத்தில் நின்றதும் குலுங்கி அணைந்துபோகும் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் பாகம்) எஞ்சினுக்கு உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவர்கள்தான் அருகிவிட்டார்கள். தக்கலையிலிருந்து குலசேகரம் செல்லும் சாலையோரத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஓர் ஓட்டுக் கொட்டகையில் நடக்கும் பணிமனையைப் பற்றி எழுதத் தோன்றியது அதனால்தான். அங்கே வேலை செய்யும் பெரியவரை எல்லோரும் ‘ஆசான்’ என்றே அழைக்கிறார்கள். பிரீமியர் பத்மினி, அம்பாசடர், பழைய ஜீப் ஆகியவற்றைத் தவிர வேறு வண்டிகளை அவர் பெரும்பாலும் எடுப்பதில்லை.

எங்கள் வீட்டு வண்டி 1089 சி.சி. எஞ்சினும் சோலெக்ஸ் கார்புரேட்டரும் கொண்ட பத்மினி. காலையில், காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஓட்டத்திலும் குறை சொல்ல முடியாது. எஞ்சின் சூடான பிறகு, மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்து நெரிசலில் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தால் போதும், நடுங்க ஆரம்பித்து அப்படியே ஆஃப் ஆகிவிடும். இதற்கு முன் பார்த்த ஒரு பணிமனையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஸ்க்ரூவை முறுக்கி எஞ்சின் வேகத்தை ஏற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். அணைவது குறைந்தது, ஆனால் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எஞ்சின் சில நொடிகள் உதறிக்கொண்டு ஓடும் புதிய தொல்லை சேர்ந்துகொண்டது.

ஆசானின் சிறப்பு, அவர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வண்டி அணைவது குளிர்ந்திருக்கும்போதா சூடானபோதா, பிரேக் மிதிக்கும்போதா, விளக்குப் போடும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகி நடுங்கத் தொடங்கிய நேரத்தில் சோக்கைச் சிறிதளவு இழுக்கச் சொன்னார். நடுக்கம் அப்படியே அடங்கியது. “பாத்தியளா அண்ணாச்சி, பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கேயோ காத்து இழுக்கு” என்றார். கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருந்திருந்தால் சோக் இழுத்ததும் எஞ்சின் மேலும் மூச்சு முட்டியிருக்கும். ஒரு சின்ன இழுப்பில் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

இருந்தும் அவர் உடனே கார்புரேட்டரில் கை வைக்கவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். வால்வுகளின் டேப்பட் இடைவெளி, தீப்பொறி தொடர்பான பாயிண்ட், கண்டென்சர், பிளக், டைமிங் ஆகியவற்றை முடித்த பிறகே கார்புரேட்டரைத் தொடுவது அவருடைய கண்டிப்பான வழக்கம். ஸ்லோவில் எஞ்சின் விட்டுவிட்டு எரியும் மிஸ்ஸிங்கைப் பெட்ரோல் குறை என்று எண்ணிப் பலர் கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். குற்றவாளி தேய்ந்த பாயிண்டாக இருக்கும். எங்கள் வண்டியின் பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்ததால் அதை மாற்றி, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தார். கடற்காற்று படும் ஊர்களில் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் முனை பச்சை பூத்துவிடும் என்று சொல்லி, அதையும் கழற்றித் தேய்த்து மாட்டினார். எஞ்சினின் குரல் சற்றே தெளிந்தது, அணைவது நிற்கவில்லை.

அதன் பிறகுதான், எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில், உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்வம் கேஜை மாட்டினார். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது முள் ஏறத்தாழ 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையது 14-ஐ ஒட்டி நின்றது. முள் விட்டுவிட்டுத் துடித்திருந்தால் வால்வைச் சந்தேகிக்க வேண்டியிருக்கும், ஒரே சீராகத் தாழ்ந்து நிற்பதால் காற்றுக் கசிவையே தேட வேண்டும் என்று உடனிருந்த பையனுக்கு விளக்கினார். கார்புரேட்டர் கிளீனரை மேனிஃபோல்ட் பேக்கிங் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சியபோது ஒன்றும் நேரவில்லை. கார்புரேட்டரின் அடிப்பகுதியில், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் ஷாஃப்ட் வெளியே வரும் முனையில் பட்டதும் எஞ்சின் வேகம் சட்டென்று ஏறியது. அந்த ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். தளர்ந்த கதவுக் கீல் போல மேலும் கீழும் அசைந்தது.

ஓட்டத்தில் தெரியாத குறை ஸ்லோவில் மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆக்சிலேட்டரை விட்டதும் த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு, உறிஞ்சும் விசையோ மிக அதிகம். அந்த நேரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி வழியே நுழையும் காற்றும் கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்துவிடும். முந்தைய பணிமனையில் வேகத்தை ஏற்றியதில் இன்னொரு கெடுதலும் நடந்திருந்தது. த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்து நின்றதால் பெட்ரோல் வேறு துளைகள் வழியாக வரத் தொடங்கி, ஸ்லோவில் கலவையின் அளவை மாற்றும் கலவை ஸ்க்ரூவை முழுவதும் உள்ளே முறுக்கினாலும் எஞ்சின் அணையாத நிலை வந்துவிட்டது. ஒழுங்காக இருக்கும் கார்புரேட்டரில் அதை முழுக்க மூடினால் எஞ்சின் அணைய வேண்டும்.

ஷாஃப்ட் துளைக்கு லேத்தில் பித்தளை புஷ் (உள்வளையம்) போடச் செய்தார். கார்புரேட்டரின் அடி முகம், நட்டுகளை அளவுமீறி இறுக்கியதால் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகைமேல் எமரி தாளை விரித்து, அது முழுதும் ஒரே பளபளப்பாகும்வரை பொறுமையாகத் தேய்த்தார். ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதில் கம்பி விட்டுக் குத்துபவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வருகிறது. காற்றடித்து மட்டுமே சுத்தம் செய்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் இருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்து வெளிச்சத்தில் காட்டியபோது, அடியில் துருப்பொடியும் ஓரிரண்டு தண்ணீர் முத்துகளும் தெரிந்தன.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். அதோடு, ஒரு பங்கு சாதாரண பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும் என்பதால், பழைய பெட்ரோலுக்கென்று அமைத்த ஜெட் இன்று பெட்ரோல் சற்றுக் குறைந்த கலவையையே கொடுக்கிறது. இரண்டு மழைக்காலமும் பார்க்கும் நம் மாவட்டத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று வேக்வம் கேஜின் முள் 18-இல் அசையாமல் நின்றது. கூலி 2,800 ரூபாய்; லேத் வேலைக்கும் பாகங்களுக்கும் தனி. இத்தனை நுணுக்கமான வேலைக்கு இது நியாயமான தொகை என்றே கருதுகிறேன். பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யச் சற்று அதிக நேரம் சோக் தேவைப்பட்டபோது, மீண்டும் பார்த்துச் சரிசெய்ததற்கு ஒரு காசும் வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டியைத்தான் எடுப்பார்; எப்போது முடியும் என்று தேதி சொல்ல மாட்டார்; எழுதிய பில் கிடையாது. காத்திருக்க ஒரு மரப்பெஞ்சு மட்டுமே இருக்கிறது, சாரல் அடித்தால் அதுவும் நனைந்துவிடும். தரமற்ற ரிப்பேர் கிட்டை அவர் பொருத்த மறுப்பதால், நல்ல பாகம் வரும்வரை வண்டி அங்கேயே கிடக்கும். அவசரமாக வண்டி தேவைப்படுபவர்கள் இதை யோசித்துக்கொண்டு போவது நல்லது. போவதாக இருந்தால் முந்தைய மாலையே வண்டியைக் கொண்டுவிட்டுவிட வேண்டும். இரவு முழுக்கக் குளிர்ந்த எஞ்சினின் முதல் ஸ்டார்ட்டைத் தானே கேட்ட பிறகுதான் ஆசான் வேலையைத் தொடங்குகிறார்.